இது பப்ளிக்குக்கு வருமா, மிஸ்?

2012ஆம் ஆண்டு முதல் பருவத்தில் ஒரு நாள், ஆறாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை விடுப்பில் இருந்ததால், மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்த என்னை அந்தப் பாடவேளைக்கு அனுப்பினார்கள். திண்டுக்கல் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நடத்துவது என்று தெரியாமல், ஆய்வகத்திலிருந்து வடிதாள் சிலவற்றையும், சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு கரண்டி மஞ்சள் தூளையும், ஒரு துண்டுச் சோப்பையும், அரை மூடி எலுமிச்சையையும் எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் கரைசலில் தாளை நனைத்து, அதன்மேல் சோப்புத் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டபோது கோடு சிவந்தது. அதே இடத்தில் எலுமிச்சையைப் பிழிந்தபோது மறுபடியும் மஞ்சளாயிற்று. அவ்வளவுதான் நான் செய்தது.

பெஞ்சில் ஒருவரும் இல்லை, எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். "மிஸ், ஆரத்தித் தண்ணியும் இப்படித்தானா?" என்று ஒரு குரல் கேட்டது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவப்பதை அந்தப் பிள்ளை எந்தக் கல்யாண வீட்டிலோ பார்த்திருக்கிறது. "அப்போ குங்குமம்?" என்றது இன்னொரு குரல். வெள்ளைச் சட்டையில் குழம்பு கொட்டி, அம்மா சோப்புப் போட்டதும் கறை இன்னும் மோசமாகச் சிவந்துபோனதை ஒரு பையன் சொன்னான்; அந்தச் சட்டையை எலுமிச்சையால் தேய்த்தால் என்ன ஆகும் என்று அவனே கேட்டு, வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பதாகவும் அவனே சொன்னான். அமிலம், காரம், நிறங்காட்டி என்ற சொற்களை நான் உச்சரிப்பதற்கு முன்பே, அவர்கள் அந்தப் பாடத்தின் நடுவில் போய் நின்றுவிட்டார்கள். மணி அடித்த பிறகும் யாரும் நகரவில்லை.

அந்த வகுப்பிலிருந்து பலர், ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களாக என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆரத்தியைப் பற்றிக் கேட்ட பிள்ளை அவர்களில் யார் என்பது எனக்கு நினைவில்லை. முதல் வாரத்திலேயே, புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "இது பப்ளிக்குக்கு வருமா, மிஸ்?" என்று கேட்டாள். அதில் குறும்போ சலிப்போ துளியும் இல்லை. நான் ஆம் என்றால் அடிக்கோடு இடுவதற்கும் இல்லையென்றால் பேனாவை மூடுவதற்கும் ஆயத்தமாக, மிகுந்த பொறுப்போடு கேட்டாள். வகுப்பு முழுவதும் என் பதிலுக்காகக் காத்திருந்தது.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலான ஆறு ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் போனதற்குக் கைபேசியைக் காரணம் சொல்வோர் உண்டு. கைபேசி இல்லாத காலத்திலும் இதே முகங்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த முகங்களில் ஒன்று என்னுடையது. சோம்பேறித்தனம் என்பாரும் உண்டு. காலை எட்டரை மணிச் சிறப்பு வகுப்பு முதல் மாலை ஆறு மணிவரை பள்ளியிலேயே கிடக்கும் ஒரு தலைமுறையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நான் அறிந்தவரை நடப்பது இதுதான். தான் கண்ணால் கண்டதற்கும், தன் வாயால் கேட்டதற்கும் இங்கே மதிப்பில்லை என்பதை ஒரு பிள்ளை மெல்ல மெல்லப் புரிந்துகொள்கிறது. புரிந்துகொண்ட பிறகு அது காண்பதையும் கேட்பதையும் நிறுத்திவிடுகிறது.

இதை நான் வேறெங்கும் அல்ல, என்னுடைய ஆய்வகத்திலேயே தெளிவாகப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் ஆக்சாலிக் அமிலத்தையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் வைத்துச் செய்யும் பருமனறி பகுப்பாய்வு, அதாவது செலவாகும் கரைசலை அளந்து கணக்கிடும் சோதனை, உண்டு. கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடுபடுத்தி, அடியில் திருகு உள்ள அளவுக் குழாயான பியூரெட்டிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த சொட்டின் நிறம் மறைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரு சொட்டின் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றுவிட்டால் அதுவே முடிவுநிலை. இதைச் செய்துகொண்டிருந்த ஒரு மாணவி என்னைக் கூப்பிட்டு, "மிஸ், மொதச் சொட்டு போகவே மாட்டேங்குது. இப்போ விட்ட உடனே போயிருது. ஏன் மிஸ்?" என்று கேட்டாள்.

அது மிக நல்ல கேள்வி. அந்த வினையில் பெர்மாங்கனேட்டிலிருந்து மாங்கனீசு அயனிகள் உண்டாகின்றன, அந்த அயனிகளே அதே வினையை விரைவுபடுத்தவும் செய்கின்றன. முதல் சொட்டு விழும்போது குடுவைக்குள் அவை இல்லை, ஆகையால் நிறம் மறையத் தாமதமாகிறது. சில சொட்டுகளுக்குப் பிறகு அவை போதுமான அளவு சேர்ந்துவிடுகின்றன, நிறம் விழுந்த கணத்திலேயே போய்விடுகிறது. தன் வேலையைத் தானே விரைவாக்கிக்கொள்ளும் வினை இது. தன்வினையூக்கம் என்று பாடப்புத்தகம் இதற்குப் பெயர் தருகிறது. ஒருவரும் சொல்லித்தராமல், ஒரு பதினேழு வயதுப் பெண் அதைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டு என் எதிரே நிற்கிறாள்.

"அதெல்லாம் பிறகு பார்க்கலாம்மா, ரீடிங்கை எழுது, அடுத்த பேட்ச் நிற்குது" என்று நான் சொன்னேன்.

நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒழுகாத பியூரெட்டுகள் ஆறுதான் இருந்தன, மாணவர்களோ நாற்பதுக்கு மேல். செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருந்தன. ஆனால் சில வாரங்கள் கழித்துத் திருப்புதல் தேர்வில் தன்வினையூக்கம் பற்றி ஒரு மதிப்பெண் வினா வந்தபோது, அதே பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுத்திருந்தாள் என்பதை விடைத்தாளைத் திருத்தும்போது பார்த்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு ஆய்வகத்தில் நீ கேட்டதற்கு இதுதான் விடை என்றேன். நான் எதைச் சொல்கிறேன் என்றே அவளுக்கு விளங்கவில்லை. கேள்வி அவளிடம் இருந்தபோது நான் விடை தரவில்லை, விடை அவளிடம் வந்து சேர்ந்தபோது கேள்வி போய்விட்டிருந்தது. இத்தனை ஆண்டுப் பணியில் என்னை மிகவும் உறுத்துகிற நிகழ்ச்சி எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆய்வகத்தின் ரெக்கார்டு நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோக்கம், தத்துவம், செய்முறை, அட்டவணை, முடிவு என்று எல்லாமே பெரும்பாலும் சோதனையைச் செய்வதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருக்கும். அண்ணன் அக்காக்களின் பழைய நோட்டுகள் ஆண்டுதோறும் கை மாறிக்கொண்டிருக்கும். ஒரு மாணவனுக்கு 18.4 மில்லி லிட்டர் வந்து, நோட்டில் 20 என்று இருந்தால், அவன் தன் பியூரெட்டைச் சந்தேகிக்க மாட்டான், கரைசலைச் சந்தேகிக்க மாட்டான், தன் கண்ணைத்தான் சந்தேகிப்பான். பிறகு 20 என்று எழுதிவிட்டு நிம்மதியாவான். உப்பைக் கண்டறியும் சோதனையிலும் இதே கதைதான். நீல நிறத்தைப் பார்த்ததும் தாமிரம் என்று முடிவுகட்டி, செய்யாத பத்துச் சோதனைகளையும் செய்ததாக மனப்பாடத்திலிருந்து வரிசை பிசகாமல் எழுதுவார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. சரியான அளவுக்கு மதிப்பெண் உண்டு, நேர்மையான அளவுக்கு இல்லை என்று நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். அறிவியலின் இன்பமே நாம் எதிர்பார்த்தது ஒன்றாகவும் வந்தது ஒன்றாகவும் இருக்கும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியை அழிப்பானால் அழித்துவிட்டுப் பிள்ளைகளிடம் ஏன் ஆர்வமில்லை என்று கேட்கிறோம்.

தமிழ் வகுப்பிலும் இதைப் பார்க்கலாம். செய்யுளை 'அடிபிறழாமல் எழுதுக' என்று தேர்வு கேட்கும்போது, அடி பிறழாமல் இருப்பதே பாட்டைப் படித்ததற்குச் சான்றாகிவிடுகிறது. ஆசிரியர் குறிப்பு, சொற்பொருள், இலக்கணக் குறிப்பு எல்லாம் ஒப்பிக்கும் பிள்ளையிடம், இந்தப் பாட்டில் உனக்குப் பிடித்த வரி எது என்று ஒருமுறை கேட்டேன். "எது மிஸ் இம்பார்ட்டன்ட்?" என்றுதான் பதில் வந்தது.

எங்கள் மாநிலத்தில் இந்தப் பழக்கம் இவ்வளவு இறுகியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006இல் நிறைவேறியது. கிராமத்துப் பிள்ளைகளும், தனிப்பயிற்சிக்குக் காசில்லாத பிள்ளைகளும் அதனால் பயன்பெற்றார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, அந்த முடிவை இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் அதன்பின் பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்ஆஃப் முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பின் மூன்று பாடங்களையே சார்ந்து நின்றது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம். அரை மதிப்பெண் குறைந்தால் கல்லூரியே மாறிவிடும் என்ற நிலையில், பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தொடாமலே விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் கேள்வி வரும் என்று காட்டும் ப்ளூபிரிண்ட் இருந்ததால், எந்தப் பாடத்தை விட்டாலும் நட்டமில்லை என்று கணக்குப் போட முடிந்தது. புத்தகம் ஒரு ஆறு போல ஓட வேண்டியது, அது மதிப்பெண் மடைகளாகப் பிரிந்துவிட்டது.

2017இல் அரசு சிலவற்றை மாற்ற முனைந்தது. மாநில, மாவட்ட முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதை அந்த மே மாதத்தில் நிறுத்தினார்கள். பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது, மேல்நிலைத் தேர்வின் 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. 2018 முதல் புதிய பாடப்புத்தகங்களும் வரத் தொடங்கின. அவை நல்ல புத்தகங்கள், வேதியியல் புத்தகத்தைப் பிரித்த அன்று நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாடத்தைத் தவிர்ப்பதற்கு மருந்தாக இன்னொரு தேர்வைத்தான் தர முடிந்தது நம்மால். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத் தேர்வு எழுதிய பிள்ளைகளின் களைப்பை அருகிலிருந்து பார்த்தவள் நான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வைக் கைவிட்டிருக்கிறார்கள். அந்தக் காலியிடம் பாடத்துக்குக் கிடைக்குமா, மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்பே வந்து அமர்ந்துகொள்ளுமா என்ற கவலை எனக்கு உண்டு.

நான் சின்னாளப்பட்டியில் வளர்ந்தவள். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்ட தொட்டியிலிருந்து நூலை எடுக்கும்போது அது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். கொடியில் போட்டு உதறினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "காத்துப் பட்டாத்தான் தாயி நீலம் வரும்" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அவர் சொன்னது முழுக்க உண்மை. தொட்டிக்குள் ஒடுக்கம் அடைந்து கரையும் சாயம், வெளியே வந்து காற்றின் ஆக்சிஜனால் மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நீலமாகிறது. மேல்நிலையில் நான் ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரான் இழப்பு, ஒடுக்கம் என்றால் எலக்ட்ரான் ஏற்பு என்று நூறு முறை எழுதியிருப்பேன். வேதியியலில் 200க்கு 194 வாங்கினேன். அந்த நீலமும் இந்த ஆக்சிஜனேற்றமும் ஒன்றே என்று முதுகலை படிக்கும்போதுதான், அதுவும் தற்செயலாகத் தெரிந்துகொண்டேன். அன்று விடுதி அறையில் அழுதேன். என் அப்பா தினமும் செய்துகொண்டிருந்த வேதியியல் எனக்குத் தெரியாமலேயே என்னால் 194 வாங்க முடிந்திருக்கிறது என்ற நினைப்பு தாங்க முடியாததாக இருந்தது.

மதிப்பெண்ணைக் காட்டி ஊக்கப்படுத்தினால் என்ன தவறு என்று பெற்றோர் கேட்கும்போது, லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் சொல்வதுண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பம் உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். படம் வரைந்தால் அழகான சான்றிதழ் தருவோம் என்று ஒரு பிரிவினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் தரவில்லை. ஓரிரு வாரங்களுக்குப் பிறகு அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். படிக்காத பிள்ளைகளை அல்ல, விரும்பிச் செய்த பிள்ளைகளையே அந்தச் சான்றிதழ் விலக்கியது என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. 2012இல், நான் மஞ்சள் தாளோடு அந்த ஆறாம் வகுப்புக்குப் போன அதே ஆண்டில், எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. எழுத்துத் தேர்வுக்கு 60, எஃப்.ஏ. எனப்பட்ட வளரறி மதிப்பீட்டுக்கு 40. பிள்ளைகள் தாமே செய்து, சேகரித்து, வரைந்து கற்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம் அது. இரண்டு ஆண்டுகளுக்குள் எங்கள் ஊர்ப் பேப்பர் கடையில் 'எஃப்.ஏ. சார்ட்' என்று கேட்டாலே படங்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இலைகளைச் சேகரித்து வரச் சொன்னால் இலைகளின் அச்சுப்படம் வந்தது. பள்ளி வாசலில் வேம்பும் புங்கையும் நிற்கின்றன, பிள்ளையோ ஐந்து ரூபாய் கொடுத்து வேப்பிலைப் படம் வாங்கி ஒட்டிக்கொண்டு வருகிறது. இலை பறிப்பதுகூட மதிப்பெண் ஆனதும் வேலையாகிவிட்டது.

இந்தக் கவலை புதியதும் அல்ல. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பேசியபோது பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றித்தான் பேசினார். பின்னர் பேராசிரியர் யஷ் பால் தலைமையில் அமைந்த குழு 1993இல் 'சுமையின்றிக் கற்றல்' என்னும் அறிக்கையைத் தந்தது. முதுகில் இருக்கும் மூட்டையைவிடக் கொடியது புரியாமையின் சுமை என்று அக்குழு சொன்னது. நிறையக் கற்பிக்கிறோம், கொஞ்சமே கற்கப்படுகிறது என்றும் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறிக்கையைப் படிக்கும்போது என் வகுப்பறையை யாரோ சன்னல் வழியாகப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, தேர்வே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. என் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படியேறியவள் நான், என்னை ஏற்றிவிட்டது மதிப்பெண்தான். முகம் தெரியாத ஒருவர் என் சாதியையும் அப்பாவின் வேலையையும் அறியாமல் என் விடைத்தாளைத் திருத்தினார் என்பதன் அருமை எனக்குத் தெரியும். மெல்லக் கற்போருக்கென்று நாங்கள் தயாரிக்கும் மினிமம் மெட்டீரியல், நாற்பது பக்கத்தில் தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் திரட்டித் தருகிறது. அது கல்வி ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த நாற்பது பக்கத்தால் தேறி, பாலிடெக்னிக்கில் சேர்ந்து, இன்று வீட்டுக்குச் சம்பளம் அனுப்பும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளின் ஆசிரியர்களை மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார்கள், நானும் ஒருமுறை எழுந்து நின்றிருக்கிறேன். உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கப்படாத ஒன்றை நானும் கவனிக்காமல் விட்டேன். பிள்ளைகளுக்கு நேர்ந்தது ஆசிரியர்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளாக ஒரு சிறிய மாற்றம் மட்டும் செய்துவருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் ஆய்வக நாளில் ரெக்கார்டு நோட்டு கிடையாது. வாய்பாடும் கிடையாது. ஆக்சாலிக் அமிலத்தையும் பெர்மாங்கனேட்டையும் கொடுத்துவிட்டு, என்ன நடக்கிறதோ அதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதச் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் பேச்சே இருக்காது, எதை எழுத வேண்டும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "மிஸ், இதுக்கு எத்தனை மார்க்?" என்று யாராவது கேட்பார்கள். மார்க் இல்லை என்றதும் பாதிப் பேர் பேனாவை வைத்துவிடுவார்கள். அது எனக்கு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

இந்த ஆண்டு கடைசி மேசையில் ஒரு மாணவன், தேர்வுகளில் முப்பதைத் தாண்டாதவன், தாளில் இப்படி எழுதியிருந்தான்: "முதல் சொட்டு மறைய நாற்பத்தொன்று வரை எண்ணினேன். ஆறாவது சொட்டுக்கு எண்ணவே முடியவில்லை." அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "மிஸ், கலர் போன தண்ணில கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவைல ஊத்திட்டு ஆரம்பிச்சா, மொதச் சொட்டே சீக்கிரம் போயிருமா?"

நான் பதில் சொல்லாமல், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு கூம்புக் குடுவையை எடுத்துக் கொடுத்தேன். அவன் அமிலத்தை அளந்து ஊற்றி, சூடுபடுத்தி, பியூரெட்டின் கீழே வைக்கும்போது மணி அடித்தது. அடுத்த பாடவேளை இயற்பியல், ஒரு மதிப்பெண் தேர்வு. மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவன் திருகைத் திறந்து, உதடு அசைய எண்ணத் தொடங்கியிருந்தான்.